பிடியரிசியும் கல்லூரியும்

(கல்லாற்றங்கரையில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுகின்றவர் சங்க இலக்கியத்தின் நயத்தையோ தமிழின் தொன்மையையோ எடுத்துரைப்பதே மரபு. யானும் அவ்வாறே ஒரு பொருளை எண்ணி வைத்திருந்தேன். ஆனால் சென்ற மாதம் செயலாளர் என் இல்லத்துக்கு வந்து, "ஐயா, கபிலரையும் பரணரையும் பற்றி நகரத்துப் பேராசிரியர்கள் பேசுவார்கள். நம் பிள்ளைகள் பள்ளியை விட்ட பிறகு எங்கே போகின்றார்கள் என்பதைத் தாங்கள்தாம் பேச வேண்டும்" என்று கூறிவிட்டார். அக்கட்டளைக்குப் பணிந்து இன்று சமுதாயக் கல்லூரி என்னும் பொருளைப் பற்றிச் சில சொல்லப் புகுந்தேன்.

கல் நிறைந்த ஆறு கல்லாறு. இப்பெயரைத் தமிழர்க்கும் மலையாளிக்கும் எவரும் விளக்க வேண்டுவதில்லை. செம்முஞ்சி மொட்டையில் பிறந்து இவ்வழியே உருண்டைக் கற்களின்மீது குதித்தோடும் இந்நீரே, கீழே சென்று வாமனபுரம் ஆறு எனப் பெயர் பூண்டு அஞ்சுதெங்குக்கு அருகே கடலை நாடுகின்றது. திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் கடந்தால் இவ்வூர். இதற்கு மேல் 22 கொண்டையூசி வளைவுகள். அவற்றின் முடிவில் பொன்முடி. இக்கரையில் மூவகை மக்கள் வாழ்கின்றோம். காணி மக்கள் இம்மலைக்கு உரியவர். ரப்பரும் மிளகும் வைத்து வாழும் மலையாளக் குடியானவர் ஒருசாரார். தேயிலைக் கொழுந்து பறிக்கத் திருநெல்வேலிச் சீமையினின்றும் மலையேறி வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நாம் ஒருசாரார். மூவர் வீட்டுப் பிள்ளைகளும் காலையில் ஒரே பேருந்துக்காகவே காத்து நிற்கின்றனர்.

அப்பேருந்திலிருந்தே என் கதையைத் தொடங்குகின்றேன்.

யான் மலையடிவாரத்தில் இருபத்தேழு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் லயத்து வீடொன்றில் பிறந்த பெண் ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் தேறினாள். நோயாளரைப் பேணும் பணியில் அவளுக்கு விருப்பம். நகரத்தில் ஓராண்டுப் பயிற்சி ஒன்றில் இடமும் கிடைத்தது. விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவன் யான்; கட்டணத்துக்கு உதவித்தொகை பெற்றுத் தந்தவனும் யானே. அவள் புறப்பட்ட நாளில், ஒரு பிள்ளையைக் கரையேற்றிவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்த்தி வீடு திரும்பினேன்.

நான்கு மாதங்கள் கழித்துச் சந்தையில் அவள் தாயைக் கண்டு, "மகள் எப்படிப் படிக்கின்றாள்?" என்று கேட்டேன். அந்த அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "அவள் வந்து இரண்டு மாதமாகிறது, சாரே" என்றார். நடந்தது இது. அவள் தங்கியிருந்த உறவினர் வீடு மாறிப் போயினர். மலையிலிருந்து நாள்தோறும் சென்று வரலாம் என்று முயன்றிருக்கின்றாள். முதற் பேருந்து நகரத்தை அடைவதற்குள் வகுப்புத் தொடங்கிவிடும். மாலையில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமானால் பயிற்சி முடியுமுன் எழுந்து வர வேண்டும். வருகை நாள்கள் குறைந்தன. தேர்வெழுத இயலாது என்று அந்நிலையத்தார் கூறிவிட்டனர். விதிப்படி அவர்கள் கூறியதில் பிழையில்லை. அந்நகரில் அவளுக்கு ஒரு வாரம் படுக்க இடம் கொடுக்க எவரும் இல்லை என்பதுதான் குறை. அதைவிடப் பெருங்குறை ஒன்றுண்டு: அவள் திரும்பி வந்ததே அவள் ஆசிரியனாகிய எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதங்கள் அவள் என் பள்ளிக்கு ஒன்றரைக் கல் தொலைவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

பணம் இருந்தது, இடம் இருந்தது, மதிப்பெண் இருந்தது. ஆயினும் படிப்பு நின்றது. இதை எண்ணி எண்ணி யான் ஒரு வினாவுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு கல்லூரியைத் தாங்கி நிற்பது எது? கட்டடமா, கட்டணமா, அன்றி வேறொன்றா?

இவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் அடுக்களைக்குள் சென்றாலே போதும்.

விருதுநகரில் 1889ஆம் ஆண்டு சத்திரிய வித்தியாசாலை தோன்றியது. அரண்மனைச் செல்வம் அதற்குப் பின்னால் இல்லை. அவ்வூர் நாடார் வணிகர்கள் தம்முள் மகமை என்னும் ஒரு முறையை வைத்திருந்தனர். விற்கும் மூட்டைக்கு இவ்வளவு எனப் பொதுவில் சேர்க்கும் பணம் அது. ஆனால் எனக்கு மகமையைவிட வியப்பளிப்பது பிடியரிசி. வீட்டுத் தலைவி உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு கலத்தில் இடுவாள். அவ்வரிசி வீடுவீடாகத் திரட்டப்பெற்றுப் பள்ளிக்குச் செல்லும். 1903இல் பிறந்த காமராசர் பயின்றதும் அப்பள்ளியில்தான். ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது வேறு கதை. அப்படி நின்ற சிறுவர் 1954இல் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகட்கு நண்பகல் உணவு என்பதை 1956இல் நாட்டுக்குரிய திட்டமாக்கினார். 1958 முதல் கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஒருவர் கரும்பலகை கொடுத்தார். ஒருவர் கூரை வேய்ந்தார். ஒருவர் தண்ணீர்ப் பானை வாங்கி வைத்தார். பிடியரிசியின் நினைவு அதில் இல்லை என்று எவரும் என்னிடம் சொன்னால் யான் நம்பமாட்டேன். விருதுநகர்ப் பெருமக்களோ பள்ளியோடு நில்லாமல், 1947இல் செந்திக்குமார நாடார் பெயரால் கல்லூரியும் கண்டுவிட்டனர்.

இது தமிழ்நாட்டுக்கே உரிய வழக்கம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளல் ஆகாது. நாம் வந்து வாழும் இந்நாட்டிலும் இதே சொல் இருக்கின்றது, 'பிடியரி' என்பர். மன்னானத்தில் 1846இல் வடமொழிப் பள்ளி கண்ட சாவறை குரியாக்கோசு ஏலியாசு அடிகளார், 1864இல் தேவாலயந்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஆணையிட்டவர். ஏழைப் பிள்ளைகள் பசியால் வகுப்பை விட்டு ஓடுவதைக் கண்டு, வீடுதோறும் பிடியரி சேர்த்து அவர்கட்குச் சோறிட வழி செய்தார். அரை நூற்றாண்டு கழித்து 1914இல் சங்ஙனாச்சேரிக்கு அருகே பெருன்னையில் நாயர் சமுதாயச் சங்கம் அமைத்த மன்னத்து பத்மநாபனும் இதே வழியில் நடந்தார். காசில்லாதவர் பிடியரி கொடுக்கலாம்; அதுவும் இயலாதார் தம் தோட்டத்தில் விளைந்ததைக் கொடுக்கலாம். அவ்வாறு ஊர் ஊராகச் சென்று திரட்டியவர் அவர். அவ்வியக்கத்தின் கல்லூரி 1947இல் சங்ஙனாச்சேரியிலும், அடுத்த ஆண்டில் திருவனந்தபுரம் கேசவதாசபுரத்தில் மகாத்மா காந்தி கல்லூரி என்னும் பெயரிலும் எழுந்தன. நம்மில் பலர் அக்கல்லூரி வாயிலில் பேருந்து மாறுகின்றோம். அடுத்த முறை அவ்வழி செல்லும்போது அதன் மதிலுக்குள் எத்தனை அடுக்களைகள் இருக்கின்றன என்று சற்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு பிடி அரிசியால் என்ன ஆகும் என்று இளைஞர் சிலர் நகைக்கக்கூடும். யான் கணக்கு ஆசிரியன், கணக்கிட்டே காட்டுகின்றேன். ஒரு பிடி ஐம்பது கிராம் எனக் கொள்வோம். இருநூறு வீடுகள். நாளொன்றுக்குப் பத்துக் கிலோ. மாதத்துக்கு முந்நூறு கிலோ. ஓராசிரியர்க்குச் சம்பளமும் பத்துப் பிள்ளைகட்குச் சோறும் அந்நாளில் அதற்குள் அடங்கியிருக்கும். ஆனால் அரிசியின் எடை சிறு பகுதியே. நாள்தோறும் உலை வைக்கும்போது ஒரு தாய் பள்ளியை நினைக்கின்றாள். அரிசி வாங்க ஒருவர் முறை தவறாமல் வாயிலில் வந்து நிற்கின்றார். வந்தவர் அரிசியை மட்டுமா வாங்கிச் செல்வார்? திண்ணையில் படுத்திருக்கும் பையனைப் பார்த்து, "ஏன் இவன் பள்ளிக்குப் போகவில்லை?" என்று கேளாமல் போவாரா? பிள்ளை பள்ளியை விட்ட செய்தி பள்ளிக்கு நான்கு மாதம் கழித்தன்று, நான்கு நாளில் எட்டிவிடும். என் மாணவிக்கு இல்லாமற் போனது அந்தக் காலடியோசைதான்.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். விருதுநகரிலும் பெருன்னையிலும் பிடியரிசி திரண்டதற்குக் காரணம், கொடுப்போர் ஓர் இனமாகத் தம்மைக் கருதியது. அப்பள்ளிகளின் வாயில் பிறர்க்கு அடைபட்டிருந்தது என்று யான் கூறவில்லை. ஆனால் பள்ளியைச் சூழ்ந்து நின்ற உறவு வலை, தங்க ஒரு வீடு, வேலைக்கு ஒரு கடை, பரிந்து பேச ஒரு மாமன் என்னும் அவ்வலை, முதலில் உறவினர்க்கே உதவும். இஃது இயற்கை. எனின், பிடிக்க அரிசியே இல்லாத வீடுகள் என் செய்யும்?

இதற்கு விடையும் இம்மாவட்டத்திலேயே இருக்கின்றது. வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளியின் மக்களுக்கு வயல் சொந்தமில்லை. விளைந்த நெல்லும் சொந்தமில்லை. பள்ளியின் கதவோ அவர் பிள்ளைகட்கு மூடியே கிடந்தது. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை அமைத்த அப்பெருமகனார், எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று தம் மக்களை எழுப்பி நிறுத்தினார். கூலி உயர்வை நாடி நடந்த வேலை நிறுத்தங்களை நாம் மலையில் பார்த்திருக்கின்றோம். எழுத்தறிவை நாடி நடந்த வேலை நிறுத்தம் அது. ஊருட்டம்பலத்துப் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது அப்பள்ளியே எரிக்கப்பட்டது. கொடுக்க அரிசியில்லாதவர், தாம் உண்ண வேண்டிய அரிசியையே விட்டுப் பட்டினி கிடந்து பள்ளிக்கு ஈந்தனர். என் கருத்தில் இதுவே யான் கேட்ட பிடியரிசிகளுள் பெரிது. 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் மக்களுள் பத்துப் பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதே அய்யன்காளி வெளியிட்ட ஆசை.

சாதியின் அடிப்படையில் அன்றி இடத்தின் அடிப்படையில் ஒரு கல்விச்சாலையைத் தாங்க முடியுமா? முடியும் என்று காட்டியவருள் ஒருவர் நம் அண்டை ஊராராகிய நெய்யாற்றின்கரை கோ. இராமச்சந்திரன். அவரும் அவர்தம் துணைவியார் டாக்டர் சௌந்தரமும் 1947இல் திண்டுக்கல்லுக்கு அண்மையில் காந்திகிராமத்தைத் தொடங்கினர். நெசவுத் தொழிலுக்குப் பேர்போன சின்னாளப்பட்டி மக்கள் நிலம் ஈந்தனர். 1956இல் அது கிராமியக் கல்வி நிலையமாகி, 1976இல் பல்கலைக்கழக நிலையை எய்தியது. ஊர் நிலம் தந்தது. கல்லூரி ஊருக்குச் செவிலியரையும் ஆசிரியரையும் தந்தது. ஒரு மலையாளியும் ஒரு தமிழச்சியும் கூடிச் செய்த செயல் என்பதால், இம்மேடையில் அதைச் சொல்லும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனிச் சமுதாயக் கல்லூரி என்னும் பெயருக்கு வருகின்றேன். இப்பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. சிக்காகோ நகரை அடுத்த சோலியட் என்னும் ஊரில், 1901இல், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் உள்ளேயே ஆறு மாணவர்களோடு இவ்வகைக் கல்லூரி தொடங்கிற்று. வீட்டை விட்டுப் போக இயலாத பிள்ளைகட்கு, வீட்டருகிலேயே இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு என்பதே நோக்கம். 1947இல் அந்நாட்டுத் தலைவர் துரூமன் அமைத்த குழு, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன்பின் அப்பெயர் ஊன்றியது. அவ்வளவே, அந்நாட்டு வரலாற்றில் நமக்கு இதற்கு மேல் வேலையில்லை.

நம் நாட்டில் இவ்வித்து முதலில் முளைத்தது தமிழ் மண்ணிலேயே. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996இல் சென்னை மயிலை உயர்மறை மாவட்டம் சென்னைச் சமுதாயக் கல்லூரியை நிறுவியது. இயேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்சு அடிகளார் இக்கருத்தைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று, இதற்கென ஓர் ஆராய்ச்சி நடுவத்தையும் சென்னையில் நடத்தினார். பத்தாம் வகுப்பில் தவறியவரும் வரலாம், இடையில் படிப்பை விட்டவரும் வரலாம், அகவைக்கு வரம்பில்லை. ஓராண்டுப் படிப்பு.

அவ்வோராண்டை அவர்கள் பகுத்த முறையைக் கேளுங்கள். தொடக்கத்தில் வாழ்க்கைத் திறன்கள்: பிறரோடு பேசுதல், கூச்சம் நீங்குதல், வரவு செலவு எழுதுதல், ஓரளவு ஆங்கிலம், கணினி. பின்பு தொழில் திறன். அதன்பின் உண்மையான தொழிலிடத்திலேயே பயிற்சி. இறுதியில் வேலைக்குச் செல்வதற்கான ஆயத்தம். கேட்பதற்கு எளிதாக இருக்கின்றது. ஆனால் இதன் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. பாடத்தை வகுக்குமுன் அவர்கள் ஊரைச் சுற்றி வந்தனர். "உங்களுக்கு எத்தகைய ஆள் தேவை? அவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?" என்று மருத்துவமனைகளையும் பட்டறைகளையும் உணவு விடுதிகளையும் கேட்டனர். அவர்கள் கூறியதே பாடம் ஆயிற்று. அவர்களுள் ஒருவரே வாரத்தில் ஒரு நாள் வந்து கற்பித்தார். அவர்களிடமே பயிற்சிக்கு அனுப்பினர். பயிற்சியில் நல்ல பெயர் எடுத்தவனை அவர்களே வேலைக்கு எடுத்துக்கொண்டனர். குளிர்சாதனம் பழுது பார்ப்பவரும், நோயாளர்க்குத் துணை நிற்பவரும், மழலைப் பள்ளி ஆசிரியையும் இவ்வாறு உருவாயினர்.

இங்கே பிடியரிசி எது என்று தெரிகின்றதா? பட்டறைக்காரர் தரும் ஒரு மாதப் பயிற்சி இடம் ஒரு பிடி. செவிலியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தரும் இரண்டு மணி நேரம் ஒரு பிடி. கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம்கூட வேண்டுவதில்லை. மாலையில் சும்மா கிடக்கும் பள்ளி வகுப்பறை போதும்.

பின்னர் இத்திட்டம் வளர்ந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகட்கு ஏற்பு வழங்கியது. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு தழுவிய அளவில் இதை ஏற்றது. நூற்றுக்கணக்கான நிலையங்கள் பதிவாயின. சில ஆண்டுகளில் அத்திட்டம் நின்றது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கெனவே உள்ள கல்லூரிகளில் இப்படிப்புகளைத் தொடங்கப் புதிய திட்டம் வகுத்தது. அதிலும் தொழில் நிலையம் ஒன்றின் கூட்டு இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. விதி நன்று. ஆனால் தாளில் ஒப்பந்தம் எழுதுவது ஒன்று. வாயிலில் வந்து நிற்பது வேறொன்று. பெயர்ப் பலகை மாட்டியதோடு நின்ற நிலையங்களும் உண்டு என்பதைக் கல்வித் துறையில் இருந்தவன் என்ற முறையில் அறிவேன். சுற்றுப்புறம் பதிவேட்டில் இருந்ததேயன்றிப் படிக்கட்டில் இருந்ததில்லை. அத்தகைய இடத்தில் அரசின் பணம் நின்ற மறுநாளே கதவும் சாத்தப்படும்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றார். விருந்து ஆறுவதற்குள் கல்லாற்றுக்கு வந்துவிடுகின்றேன்.

இம்மலையில் நமக்கு மகமை இல்லை. லயத்தில் பிறந்தவன் வீட்டுக்கு மண் சொந்தமில்லை. தோட்டம் நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் உலையே நிற்கும். தொழிற்சாலைச் சங்கு ஒலிக்காத மாதங்களை நம் தாய்மார் பார்த்திருக்கின்றனர். அவர்களிடம் சென்று அரிசி கேட்க எனக்கு நா எழாது. ஆனால் நம்மிடம் ஒன்றுமே இல்லையா?

இக்கல்லாற்றுக் காட்டினுள் மொட்டமூட்டில் வாழ்ந்து, நச்சுக்கடிக்கும் நோய்க்கும் பச்சிலை வைத்தியம் செய்து, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் இலட்சுமிக்குட்டி அம்மையார். காணிக் குடியில் பிறந்த அவர், 1950களில் நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் காட்டு வழியே நடந்து பள்ளி சென்றார். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வழியில்லை. ஆனால் தாயிடம் கற்ற மருந்துகளை ஏட்டில் எழுதாமலே நெஞ்சில் வைத்திருந்தார். அதைக் கேட்க அறிஞர்கள் அவர் குடிலைத் தேடி வந்தனர். 1987இல் அறிவியலார் சிலர் காட்டில் களைத்தபோது, வழிகாட்டி வந்த காணி மக்கள் களைப்பறியாமல் மென்று தின்ற ஆரோக்கியப் பச்சையின் கதையை நீங்கள் அறிவீர்கள். அதிலிருந்து பிறந்த மருந்தின் வருவாயில் காணி மக்களுக்கும் பங்கு அளிக்கப்பட்டதை உலகமே ஒரு முன்மாதிரியாகப் பேசிற்று. எட்டாம் வகுப்போடு நின்றவர் ஆசிரியராக அமரக்கூடிய கல்லூரி என்று ஒன்று உண்டானால், அது சமுதாயக் கல்லூரிதான். வேறெந்தக் கல்லூரியின் விதியும் அவரை உள்ளே விடாது.

மற்றொன்று. இங்கிருந்து சில கிலோமீட்டரில், விதுராவை அடுத்த மருதாமலையில், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 2008இல் தோன்றிய அந்நிலையத்துக்கு நாட்டின் பல மூலைகளினின்றும் மாணவர் வருகின்றனர். நம் பிள்ளைகள் அங்கே ஆராய்ச்சியாளராகச் செல்லும் நாளும் வரும், வர வேண்டும். அதுவரை, இத்தகைய பெருநிலையம் எதுவாயினும் மின்கம்பி அறிந்தவரும், நூற்றுவர்க்குச் சமைக்கத் தெரிந்தவரும், ஆய்வுக்கூடக் கருவியைத் துடைத்து வைக்கும் பொறுப்புள்ளவரும் அதற்கு வேண்டும். பொன்முடிக்கு வரும் பயணிகளோ ஞாயிறுதோறும் இவ்வாயில் வழியேதான் ஏறுகின்றனர். அவர்கட்கு ஆற்றின் ஆழம் காட்டிக் காப்பவன், காட்டின் பெயர் சொல்லி நடத்துபவன், இம்மலையில் பிறந்தவனாக இருத்தல் வேண்டாவா? மூன்று மொழி பேசும் நம் பிள்ளைகளைவிட அதற்குத் தக்கவர் யார்?

ஆகவே யான் கட்டடம் கேட்கவில்லை. நம் சங்கத்தில் ஒரு பெருங்கட்டட நிதி தொடங்க வேண்டும் என்று சிலர் விரும்புவதை அறிவேன். அவர்கள் என்மீது சினங்கொள்ளலாகாது. கட்டடம் எழுந்தால் அதைத் திறக்க ஒருவர் வருவார். அவர் சென்ற பிறகு யார் வருவார் என்பதே என் கவலை. நெடுமங்காட்டிலோ நகரத்திலோ உள்ள கல்லூரி ஒன்று இப்படிப்பை ஏற்று நடத்த முன்வந்தால், அதன் கிளை வகுப்பு ஒன்று மாலையிலும் ஞாயிற்றிலும் இம்மலையடியில் நடைபெறட்டும். வகுப்பறைக்குப் பள்ளி உண்டு. அக்கல்லூரியை அணுகி எழுத வேண்டிய விண்ணப்பத்தை யான் எழுதுகின்றேன். ஆனால் விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு பட்டியல் வேண்டும். எந்தெந்தப் பட்டறையில் எத்தனை பேர்க்குப் பயிற்சி, எந்தெந்த வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகட்குத் தங்க இடம், எவரெவர் எந்நாளில் வந்து கற்பிப்பர் என்னும் பட்டியல் அது. அப்பட்டியல் இல்லாமல் யான் எழுதப்போவதில்லை. ஒரு முறை கையொப்பமிட்டு ஏமாந்தவன் யான். ஏமாந்தது யானன்று, அப்பெண்.

பட்டியல் நம் சங்கத்தாரை மட்டும் கொண்டு நிரம்பாது, நிரம்பவும் வேண்டா. காணி ஊர் மூப்பரிடமும், விதுராச் சந்தையில் கடை வைத்திருக்கும் மலையாள நண்பர்களிடமும் நாம் செல்ல வேண்டும். நம் பிள்ளைக்கு மட்டும் கேட்டால் அவர்கள் சிரித்துக்கொண்டே மறுப்பர். ஒரே பேருந்துக்கு நிற்கும் மூவர் பிள்ளைக்கும் கேட்டால் மறுக்க வழியில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. அவள் மீண்டும் கல்லூரி செல்லவில்லை. இன்று அவளுக்கு இரு குழந்தைகள். சென்ற மாதம் அவளைக் கண்டு, இவ்வாறு ஒரு முயற்சி செய்யலாமா என்று கேட்டேன். யான் எதிர்பார்த்தது ஒரு பெருமூச்சு. அவளோ, "சாரே, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகள் வருகிறார்களா என்று பார்க்க ஆள் வேண்டாமா? மேல் லயங்களுக்கு நான் போகிறேன்" என்றாள். பட்டியலில் முதற் பெயர் அவளுடையது.

அப்பட்டியலுக்கான குறிப்பேட்டை மண்டப வாயிலில், செருப்பு விடும் இடத்துக்கு அருகே வைத்திருக்கின்றேன். தொகை எழுதும் பத்தி அதில் இல்லை. தேடி ஏமாற வேண்டா. உங்கள் பெயர், ஊர், தரக்கூடிய நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதினால் போதும். எழுதிவிட்டு விருந்துக்குச் செல்லுங்கள்.